ஆறாத கணுக்கால்

"யாரும் கதவைத் திறக்க வேண்டாம்" என்றாள் ஜனெல்.

அவள் கணவன் கர்ட்டால் திறக்கவும் முடியாது. அன்று காலை வாசலில் உறைந்திருந்த பனியில் வழுக்கி விழுந்து, கணுக்காலில் விரிசல் விட்டு, மாவுக்கட்டுக்குப் பதில் முழங்கால் வரைக்கும் பிளாஸ்டிக் பூட்ஸ் மாட்டி சோபாவில் கிடந்தான்.

"மார்லிஸ்தான் வந்திருக்கா. கையில பாத்திரம் வச்சிருக்கா" என்றான் ஜன்னல் வழியே பார்த்து.

"தெரியும். அதனாலதான் சொல்றேன்."

அழைப்பு மணி மறுபடியும் அடித்தது. மாடிப்படியில் உட்கார்ந்திருந்த ப்ரின் எழுந்தாள். வயது பதினைந்து. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அந்த ஒரு வாரமும் படியைவிட்டுக் கீழே இறங்காதவள், இப்போது இறங்கி வந்தாள்.

"குளிர்ல நிக்கறாங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

மார்லிஸ் அறுபதைத் தாண்டியவள். எங்கள் லூத்தரன் சபையின் சமையற்கட்டு அவள் கையில்தான். அலுமினியத் தாள் மூடிய பாத்திரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். ப்ரின்னின் தலைக்குச் சற்று மேலே பார்த்து, "உங்கப்பா காலு எப்படி இருக்கு கண்ணு?" என்றாள். பிறகு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "நல்லா வளந்துட்ட போ" என்றும் சொன்னாள். பெண் லீவுக்கு எங்கோ போய்விட்டு வந்தவள் மாதிரி.

அமெரிக்காவின் வடக்கே, மின்னசோட்டாவில் எங்கள் ஊருக்குள் துக்கமோ நோயோ நுழைந்தால், பின்னாலேயே ஒரு ஹாட்டிஷும் நுழையும். கொத்திய மாட்டிறைச்சி, டின்னில் வரும் காளான் சூப், மேலே உருளைக்கிழங்கு உருண்டைகளை அடுக்கி ஓவனில் வேகவைத்த பண்டம். ருசியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பாத்திரத்தின் அடியில் காகித டேப் ஒட்டி, கொடுத்தவர் பெயர் எழுதியிருக்கும். சாப்பிட்டவர்கள் கழுவித் திருப்பித் தர வேண்டும். வெறும் பாத்திரமாகத் தருவது மரியாதை இல்லை.

பித்தப்பைக் கல்லுக்கு ஹாட்டிஷ் உண்டு. முழங்கால் மூட்டு மாற்றினால் உண்டு. பிரசவத்துக்கும் சாவுக்கும் கேட்கவே வேண்டாம். ஒரு தடவை, பிள்ளையில்லாத தம்பதியின் நாய்க்கு வயிற்றில் ஆப்பரேஷன் ஆனதற்குக்கூடப் போயிருக்கிறது. தலைக்குள் வரும் நோய்க்கு மட்டும் கிடையாது. இந்த விதியை யார் போட்டார்கள் என்று யாருக்கும் ஞாபகமில்லை. விதி மட்டும் இருந்தது.

ப்ரின் இனி உயிரோடு இருக்க வேண்டாம் என்று முடிவு செய்தது கிறிஸ்துமஸ் முடிந்த வாரம். சரியான நேரத்தில் பார்த்துவிட்டார்கள். மூன்று வாரம் நகரத்து ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஜனெல் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை முடித்து, தினமும் இரண்டு மணி நேரம் பனியில் கார் ஓட்டிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். வீட்டு வாசலில் ஒரு பாத்திரமும் இல்லை. ஊருக்குத் தெரியாமலும் இல்லை. ஆம்புலன்ஸ் வந்ததை எதிர்வீட்டு ஜன்னல்கள் எல்லாம் பார்த்தன. மளிகைக் கடையில் ஜனெலைக் கண்டவர்கள் டின்களின் விலையை மிகவும் அக்கறையாகப் படித்தார்கள்.

கர்ட் விழுந்ததோ காலை எட்டு மணிக்கு. இருட்டுவதற்குள் நான்கு பாத்திரங்கள் வந்துவிட்டன.

"எல்லாத்தையும் குப்பையில கொட்டப் போறேன்" என்றாள் ஜனெல், மார்லிஸ் போன பிறகு.

"கொட்டேன். டேப்புல பேர் இருக்கு, பாத்திரத்தை மட்டும் திருப்பிக் குடுத்துடு" என்றான் கர்ட். கூரை வேய்கிறவன் அவன். குளிர்காலம் முழுக்க வேலை கிடையாது. கோபமும் சீக்கிரம் வராது.

ஜனெல் கரண்டியை எடுத்தாள். அப்போது ப்ரின் ஒரு தட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். ஒரு வாரமாகப் பாலும் ரொட்டியும் தவிர எதையும் தொடாத பெண். ஜனெல் போட்டுக் கொடுத்தாள். மார்லிஸின் ஹாட்டிஷில் உப்பு கூடுதல். பெண் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மாத்திரைகளைப் பற்றி நிறையச் சொன்னாள். கடைசியில், "வீட்டுக்கு ஆளுங்க வரப் போக இருக்கட்டும். அவ தனியா இல்லன்னு அவளுக்குத் தெரியணும்" என்றாள். மாத்திரை மருந்துக் கடையில் கிடைத்தது. வரப்போக ஆளுக்கு ஜனெல் எங்கே போவாள்? அதை இப்போது கணுக்கால் கொண்டுவந்து சேர்த்தது.

செவ்வாயும் வெள்ளியும் மார்லிஸ் வந்தாள். முறிந்த காலுக்குத் துணையாக உட்கார வேண்டும் என்பது சபையின் வழக்கம். கர்ட் ஐந்து நிமிடத்தில் குறட்டை விடுவான். பிறகு மார்லிஸ் யாரோடுதான் பேசுவாள்? கைப்பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தாள்.

"சீட்டாடத் தெரியுமா கண்ணு?"

"கொஞ்சம் தெரியும்."

"கொஞ்சம் தெரிஞ்சவங்களோட ஆடத்தான் எனக்குப் பிடிக்கும். ஜெயிக்கலாமில்ல."

மார்லிஸ் ஜெயிக்கவில்லை. ப்ரின் இரக்கமே இல்லாமல் ஆடினாள். மூன்றாவது வாரம், வேலை முடிந்து வந்த ஜனெல் வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே தன் பெண் சிரிக்கிற சத்தம் கேட்டது. அது முடியும்வரை அவள் கதவைத் திறக்கவில்லை.

இதற்கு நடுவில் கணுக்கால் ஒரு துரோகம் செய்தது. சீக்கிரமே குணமாகிவிட்டது.

"எலும்பு சேந்துடுச்சு. பூட்ஸ் இனிமே வேண்டாம்" என்று எலும்பு டாக்டர் சந்தோஷமாகச் சொன்னார். கணவனும் மனைவியும் சாவுச் செய்தி கேட்டவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். காரில் வீட்டுக்குப் பாதி வழி வந்தார்கள். பிறகு கர்ட் பின்சீட்டுக்குக் கையை நீட்டி பூட்ஸை எடுத்தான். மாட்டினான். பட்டைகளை ஒவ்வொன்றாக இறுக்கினான்.

"எந்தக் காலுன்னு ஞாபகம் இருக்கா?" என்றாள் ஜனெல்.

"இடது காலு."

"சரி."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம். ஒரு காலைப் பூட்ஸில் மறைப்பது அவ்வளவு கஷ்டமில்லை. ப்ரின்னுக்கும் தெரியும். அப்பா மறந்துபோய் நேராக நடந்தால், "நொண்டுப்பா" என்பாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் சபையில், "கர்ட்டின் கால் விரைவில் குணமாக வேண்டும்" என்று மார்லிஸ் ஜெபம் செய்தாள். குணமாகக் கூடாது என்று அதே பெஞ்சில் இரண்டு பேர் வேண்டிக்கொண்டார்கள். கடவுள் யார் பக்கம் சாய்வது என்று குழம்பியிருப்பார்.

மார்ச் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜனெல் அன்று சீக்கிரம் வந்துவிட்டாள். பூட்ஸை அவிழ்த்துவைத்துவிட்டு கர்ட் தூங்கிக்கொண்டிருந்தான். ஜனெல் மாடிக்குப் போனாள். அறை காலி. குளியலறையும் காலி. பின்கதவு திறந்து கிடந்தது. பனியில் காலடித் தடம் சரிவுக்குக் கீழே இருந்த ஏரியை நோக்கிப் போயிருந்தது. மார்ச்சில் உறைந்த ஏரி இளகத் தொடங்கும், அந்தப் பனியை நம்பிக் கால் வைக்க முடியாது.

"கர்ட்!"

அந்தக் குரலைக் கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் ஒரு தடவை அவன் கேட்டிருக்கிறான். வெறும் சாக்ஸோடு ஓடினான். சரிவில் இறங்கி, வேலியைத் தாண்டிக் குதித்து, இருபது வயதில்கூட ஓடாத ஓட்டம் ஓடினான். அதே சமயம் மார்லிஸின் கார் வாசலில் வந்து நின்றது. பாத்திரத்தோடு இறங்கியவள் ஓட்டத்தை முழுக்கப் பார்த்தாள்.

ப்ரின் கரையில்தான் நின்றிருந்தாள். குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் மேல் போட்டிருந்த மீன்பிடிக் குடிசையை, பக்கத்து வீட்டுக்காரர் வண்டி கட்டிக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார். அதை வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறாள், அவ்வளவுதான். மூச்சுவாங்க வந்து நின்ற அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னப்பா, பூட்ஸ் எங்க?"

கர்ட் அவளைக் கட்டிக்கொண்டான். 

வீட்டுச் சமையலறையில் மார்லிஸ் நின்றபடியே இருந்தாள்.

"காலு நல்லா ஆயிடுச்சு போலிருக்கே."

"மூணு வாரம் ஆச்சு" என்றாள் ஜனெல்.

"மூணு வாரமா நான் சபையில எழுந்து நின்னு ஜெபம் பண்ணேன். பொய்க் காலுக்கு!"

"காலுன்னு சொன்னாத்தானே நீங்க வர்றீங்க? என் பொண்ணு சாகப் பாத்தா மார்லிஸ். ஒருத்திகூட வந்து கதவைத் தட்டல. இவர் வழுக்கி விழுந்தாரு, ராத்திரிக்குள்ள ஃபிரிட்ஜுல இடமில்ல. நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க. அடுத்து கையை உடைச்சுக்கச் சொல்லட்டுமா?"

மார்லிஸின் முகம் சிவந்துவிட்டது.

"சும்மா என் மேல பாயாத. டார்லா பையன் வெஸ்லிக்கு நாலு வருஷம் முன்னாடி இப்படி ஆச்சே, காதுல யாரோ பேசறாங்கன்னு சொல்லி ஷெரீப்போட போலீஸ் வண்டியில கூட்டிட்டுப் போனாங்களே, அப்ப நான் பாத்திரத்தோட கிளம்பினேன். சபைச் சமையற்கட்டுல வச்சு என்னை நிறுத்தினது யாரு? 'அவங்களைச் சும்மா விட்டுடுங்க, இது சாப்பாட்டு விஷயம் இல்ல, சங்கடப்படுவாங்க'ன்னு யாரும்மா சொன்னது?"

 சொன்னது ஜனெல்தான். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னாள். விதி போடுகிறவர்கள் எல்லோரும் நல்ல எண்ணத்தோடுதான் போடுகிறார்கள்.

"இது கர்ட் காலுக்குன்னு செஞ்சது" என்று சொல்லி, மார்லிஸ் பாத்திரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் போனாள். ஆனாலும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டுதான் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை, கர்ட்டின் கால் குணமானதற்குச் சபை நன்றி ஜெபம் ஏறெடுத்தது. பிறகு கீழ்த்தளத்தில் காப்பி குடித்துக்கொண்டே அந்தக் காலைப் பற்றித்தான் பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கடவுளின் வீட்டில் நொண்டி நடித்தான் என்றார்கள். வேலியைத் தாண்டினானாமே, எவ்வளவு உயரம் என்றார்கள். எதற்காக ஓடினான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ப்ரின் சாப்பாட்டு மேசையில் சீட்டைக் கலைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே கார் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்ப்பாள். யாரும் வரவில்லை. இருட்டியதும் சீட்டை அடுக்கி உறையில் போட்டாள்.

"டார்லா யாரும்மா? அன்னிக்கு மார்லிஸ் பேசினது எனக்குக் கேட்டுச்சு" என்றாள்.

ஜனெல் சொன்னாள். நாலு வருஷம் முன்பு மார்லிஸைத் தடுத்துத் தான் சொன்னதையும் விடாமல் சொன்னாள். பெண் எழுந்து மாடிக்குப் போய்விடுவாள் என்று நினைத்தாள். ப்ரின் சமையலறை அலமாரியைத் திறந்து பார்த்தாள்.

"நம்மகிட்ட காளான் சூப் டின் இருக்கா?"

டார்லாவின் வீடு தண்டவாளத்துக்கு அந்தப்புறம். வெஸ்லிக்கு அப்படி ஆன வருஷத்தோடு அவள் சபைக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். மறுநாள் மாலை அங்கே போனார்கள். "நீ முதல்ல போம்மா" என்று ப்ரின் காரிலேயே இருந்துவிட்டாள்.

டார்லா கதவைப் பாதிதான் திறந்தாள். பாத்திரத்தைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"உங்க வெஸ்லிக்கு உடம்பு சரியில்லன்னு சொன்னாங்க."

டார்லா அவளை வெறித்துப் பார்த்தாள். "அதுக்கு நாலு வருஷம் ஆச்சு, ஜனெல்."

"தெரியும். நாலு வருஷம் முன்னாடியே வந்திருக்கணும். வர்றவங்களையும் நான்தான் தடுத்தேன்."

காற்று பலமாக அடித்தது. கதவு மூடவுமில்லை, முழுக்கத் திறக்கவுமில்லை.

"அவன் டுலூத் டவுன்ல டயர் கடையில இருக்கான்" என்றாள் டார்லா கடைசியில். "மாத்திரை போடறான். நல்லாத்தான் இருக்கான். ஞாயித்துக்கிழமை வருவான்."

"அப்ப ஞாயித்துக்கிழமை சூடு பண்ணிக் குடுங்க. ரொம்ப ஆறிப்போச்சு."

டார்லா பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். எங்கள் ஊர்க்காரி அல்லவா, பழக்கம் போகவில்லை. தலைக்கு மேல் தூக்கி அடியில் ஒட்டியிருந்த டேப்பைப் படித்தாள்.

"ப்ரின்னுன்னு போட்டிருக்கு."

"எம் பொண்ணு. அவதான் செஞ்சா. ஜனவரியில ஆஸ்பத்திரியில இருந்தா. வெஸ்லி இருந்த அதே வார்டு."

"யாராவது வந்தாங்களா?"

"அவ அப்பாவுக்குக் காலு முறிஞ்சுது. அதுக்கு வந்தாங்க."

டார்லா சிரித்தாள். சிரித்துவிட்டுப் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தெருவில் நின்ற காரையும் அதில் தெரிந்த தலையையும் பார்த்தாள்.

"திங்கட்கிழமை நானே வரேன். பாத்திரத்தை அவ கையிலதான் குடுப்பேன், உன்கிட்ட குடுக்க மாட்டேன். வீட்டுல இருக்கச் சொல்லு."

ஜனெல் காரில் வந்து உட்கார்ந்தாள். சாவியைப் போட்டும் திருப்பாமல் இருந்தாள்.

"வாங்கிக்கிட்டாங்களா?" என்றாள் ப்ரின்.

"வாங்கிக்கிட்டா. திங்கட்கிழமை வீட்டுக்கு வராளாம்."

"இப்ப அப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு சொன்ன?"

"அப்பாவைப் பாக்க வரல. உன்னைப் பாக்க வரா."