இரண்டு விரல் தண்ணீர்

சின்னவளே,

உன் கடிதமும், அதோடு நீ வைத்திருந்த அண்ணியின் குறிப்பும் செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தன. அண்ணி உன்னை வரச் சொல்கிறார், நான் இருந்த அறை காலியாகத்தான் கிடக்கிறது, நான் பார்த்த வேலையையே அண்ணன் உனக்கு வாங்கித் தருவார், வரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் என்று ஒரே வரியில் எழுதிப் போட்டிருப்பேன். காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றால் நீ கேட்கிற ஆள் இல்லை, பத்து வயதிலேயே கேட்டதில்லை. அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். கடைசி வரை படித்துவிட்டு முடிவு செய்.

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். படப்பிடிப்பில் ஒரே காட்சியைத் துண்டு துண்டாக, வேறு வேறு நாட்களில் எடுப்பார்கள். முந்தின நாள் நடிகர் எந்தக் கையில் டம்ளரைப் பிடித்திருந்தார், சட்டைக் கையை எத்தனை மடிப்பு மடித்திருந்தார், நாற்காலி மேசையை ஒட்டி இருந்ததா விலகி இருந்ததா என்று ஒருவர் குறித்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் படத்தில் ஒரு நொடி இருந்தது அடுத்த நொடி காணாமல் போகும். அந்த ஒருவர் நான். தளத்தில் துண்டுத் தாள்களில் கிறுக்கியதை மாலையில் வீட்டுக்கு வந்து ஒரு ஷீட்டில் சுத்தமாக எழுதி, மறுநாள் காலை அண்ணனிடம் கொடுப்பேன். அண்ணன் அந்தப் படத்தின் இணை இயக்குநர். ஷீட் அவர் கை வழியாகத்தான் எடிட்டிங் அறைக்குப் போகும்.

டம்ளரில் தண்ணீர் எவ்வளவு என்பதை நான் விரலை வைத்து அளந்து எழுதுவேன். இரண்டு விரல், மூன்றரை விரல் என்று. அரை டம்ளர் என்றால் ஒவ்வொருவர் கண்ணுக்கும் ஒவ்வொரு அரை. இதனால் யூனிட்டில் எனக்கு ‘விரலம்மா’ என்று பெயரே விழுந்துவிட்டது.

நான் அசந்துபோய் வரும் நாட்களில் அண்ணி ஷீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். “நீ சாப்பிடு, நான் எழுதறேன்.” வாயில் கவளத்தோடு நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுவார். விரலுக்கு வரும்போது மட்டும் பேனா நின்றுவிடும்.

“விரல்னு எழுதினா படிக்கிறவன் சிரிக்கமாட்டானா? அரை டம்ளர்னு மரியாதையா போடேன்.”

“படிக்கிறவன் சிரிச்சா பரவாயில்ல அண்ணி. தியேட்டர்ல சிரிக்கக்கூடாது.”

பெரியப்பா பையன் என்று நாம் அண்ணனைப் பிரித்துப் பார்த்ததே இல்லை. ஆனால் அந்த வீட்டில் நான் இரண்டு வருடம் இருந்தது அண்ணிக்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது. என் செருப்பு அறுந்தால் எனக்கு முன்னால் அவருக்குத் தெரியும்.

இயக்குநர் எனக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். “இந்தப் படம் முடியட்டும். அடுத்ததுல நீ உதவி இயக்குநர், டைட்டில்ல உன் பேர் வரும்.” அப்பாவிடம் சொல்லாதே, திரையில் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று உனக்கு அப்போது எழுதினேன். நினைவிருக்கும்.

பிறகு நாற்பத்து நான்காம் காட்சி வந்தது. சாப்பாட்டு மேசையில் அப்பாவும் மகனும் சண்டை போடுகிற காட்சி. முதல் நாள் தூரத்திலிருந்து எடுத்தார்கள். மகனாக நடித்த கதாநாயகன் கையில் பழுப்பு வார் போட்ட வாட்ச். நான் எழுதினேன். மறுநாள் முகங்களைக் கிட்டத்தில் எடுக்க வேண்டும். காலையில் ஷீட்டை நீட்டியபோது அண்ணன் வாங்கிப் பையில் சொருகிக்கொண்டார்.

“பாப்பா, நீ இன்னைக்கு தையல்காரர்கிட்ட போ. அடுத்த வாரத்துத் துணியெல்லாம் சரியா இருக்கான்னு பார்த்துட்டு வா. இங்க நான் பார்த்துக்கறேன்.”

“வாட்ச், டம்ளர் எல்லாம்...”

“அதான் ஷீட் குடுத்துட்டியே. போ போ.”

போனேன். ஒரு வாரம் கழித்து இயக்குநர் எடிட்டிங் அறையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். தூரத்திலிருந்து எடுத்ததில் மகன் கையில் வாட்ச் இருக்கிறது, கிட்டத்தில் எடுத்ததில் இல்லை, மறுபடி தூரத்தில் இருக்கிறது. அதற்குள் அந்த அரங்கைப் பிரித்தாகிவிட்டது. அப்பாவாக நடித்தவர் வேறு படத்துக்குக் கடல் தாண்டிப் போய்விட்டார்.

மறுநாள் படப்பிடிப்பை நிறுத்திவிட்டு, நாற்பது பேர் நடுவில் இயக்குநர் கேட்டார், “யார் வேலை இது?”

அண்ணன் ஷீட்டை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். “வாட்ச் இல்லைன்னு போட்டிருக்கு சார். நான் ஷீட்டைப் பார்த்துத்தான் கழட்டச் சொன்னேன்.”

என் கோடுகள், என் கட்டங்கள். எட்ட நின்று பார்த்தேன். ‘வாட்ச்: இல்லை’ என்றுதான் இருந்தது. அன்று தளத்தில் எடுத்த புகைப்படங்களைப் பார்க்கலாம் என்றேன். அவை அண்ணனிடம் இருந்த டேப்லெட்டில் இருந்தவை. இடம் போதாமல் அழித்துவிட்டதாகச் சொன்னார். என் கிறுக்கல் தாள்களையோ நான் சுத்தமாக எழுதியதும் அன்றன்றே கிழித்துப் போட்டுவிடுவேன்.

சின்னவளே, எனக்கு அண்ணன் மேல் துளி சந்தேகம் வரவில்லை. என் மேல்தான் வந்தது. “தப்பு என்னோடதுதான் சார்” என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். அண்ணன்தான் காரில் வீட்டுக்குக் கூட்டிவந்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது, “விடு பாப்பா, எல்லாருக்கும் நடக்கறதுதான்” என்று தோளில் தட்டினார்.

அதற்குப் பிறகு பதினொரு நாட்கள் என் கண்ணை நானே நம்பாமல் இருந்தேன். கொடியில் எத்தனை கிளிப் என்று எண்ணிவிட்டுக் கண்ணை மூடிச் சொல்லிப் பார்ப்பேன். கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். இருக்கிற வாட்சை இல்லை என்று எழுதிய கை நாளை எதை எழுதாது? அண்ணி தினமும் வெதுவெதுப்பாகப் பால் கொண்டுவந்து கொடுத்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். “மனுஷங்கதானே. தப்பு வரும், போகும்.”

பன்னிரண்டாம் நாள் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க எடிட்டிங் அறைக்குப் போனேன். அங்கே உதவி எடிட்டர் ஒருவர் உண்டு, எல்லாரும் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள்.

“வாங்க விரலம்மா. உங்க மேல எனக்கு ஒரு வருத்தம்.”

“வாட்ச்தானே. எனக்கே வருத்தம்தான்.”

“வாட்ச் கிடக்கட்டும். தினம் உங்க ஷீட் வந்தா, எத்தனை விரல்னு நாங்க பந்தயம் கட்டுவோம். அந்த ஒரு ஷீட்ல மட்டும் அரை டம்ளர்னு போட்டு என்னைத் தோற்கடிச்சிட்டீங்க.”

“நான் போட்டேனா?”

“பின்ன, டம்ளரா வந்து போட்டுச்சு?”

“அந்த ஷீட்டை எடுங்க.”

எடுத்துக் கொடுத்தார். எழுத்து என் எழுத்து மாதிரிதான் இருந்தது, எழுதியவர் நன்றாகவே பழகியிருக்கிறார். எண்கள்தான் பழகவில்லை. காட்சி எண் 44. இரண்டு நான்கும் தலை மூடாமல், கவண்கட்டை மாதிரி நின்றன. அண்ணி எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் சாமான் பட்டியலில், முட்டைக்குப் பக்கத்தில், தினமும் நான் பார்த்த நான்கு. அண்ணன் எழுதியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கத்திரி சிரிப்பை நிறுத்திவிட்டு, கேட்காமலே இரண்டு நகல் எடுத்துக் கொடுத்தார். இயக்குநர் அடுத்த அறையில்தான் இருந்தார். போய் ஒன்றை வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

“தெரியும்மா.”

“எப்போலேர்ந்து சார்?”

“அன்னைக்கே. உங்க அண்ணன் ஷீட்டைப் பார்த்து வேலை செஞ்சதை நான் என்னைக்குப் பார்த்தேன்? ஆனா இன்னும் இருபத்தாறு நாள் ஷூட்டிங் இருக்கு. அவன் இல்லாம என்னால முடியாது. நீயா முன்னால வந்து தப்பு என்னோடதுன்னு சொல்லிட்டே. எனக்கு வசதியா போச்சு.”

வெளியே வரும்போது பழக்கதோஷத்தில் “நன்றி சார்” என்று சொல்லிவிட்டு வந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

வீட்டில் அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். இன்னொரு நகலைத் துணி மேல் வைத்தேன். பார்த்தார். மேலும் இரண்டு சட்டைகளை மடித்தார்.

“ஷீட்ல காபி கொட்டிடுச்சு, அவ தூங்கறா, எழுப்பாதே, நீயே இன்னொண்ணு எழுதுன்னு உங்க அண்ணன் சொன்னாரு. எழுதினேன்.”

ஒரு கணம் எனக்கு உயிர் வந்தது. அண்ணியையும் ஏமாற்றியிருக்கிறார் என்று நினைத்தேன்.

“பழைய ஷீட்ல வாட்ச் இருக்குன்னு இருந்துச்சா அண்ணி?”

மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தார்.

“அண்ணி.”

“இருந்துச்சு.”

“காபி?”

“கொட்டல.” அடுத்த சட்டையை எடுத்தார். “வாட்ச் இல்லாம எடுத்துட்டோம்னு ரெண்டாம் நாள் சாயங்காலமே அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. வந்து இதே இடத்துல உட்கார்ந்து அழுதாரு. அடுத்த படம் அவருக்கு டைரக்ஷன் தர்றதா பேச்சு நடக்குது. பதினேழு வருஷமா காத்திருக்காரு. இது வெளிய வந்தா யார் தருவா? உனக்கு வயசு இருக்கு, இந்த யூனிட் இல்லைன்னா இன்னொரு யூனிட்.”

“பதினொரு நாள் நான் எப்படி இருந்தேன்னு பார்த்துட்டுதானே இருந்தீங்க?”

“பார்த்தேன்.” கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தார். “அதான் தினம் பால் கலந்து கொடுத்தேன்.”

நகலை எடுத்துக்கொண்டு அன்று மாலையே கிளம்பினேன். அண்ணன் வரும்வரை காத்திருக்கவில்லை. அவரிடம் கேட்க எதுவும் மிச்சமில்லை. அண்ணி பெட்டியின் மறு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கூடவே வாசல் வரை வந்தார். கையை எடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உனக்கு எழுதிய குறிப்பில் அண்ணி, ‘உன் அக்கா கவனக்குறைவா இருந்துட்டா, அவளாத்தான் கோவிச்சுக்கிட்டு போயிட்டா’ என்று சொல்லியிருக்கிறார். எழுத்தில் வந்த பிறகு அது அப்படியே நின்றுவிடும் என்று நம்புகிறார் போலிருக்கிறது.

சினிமாவுக்கு வராதே என்று நான் சொல்லமாட்டேன். நானே விடவில்லை. இப்போது ஒரு சின்ன யூனிட்டில் இருக்கிறேன். பதினைந்தே பேர், உதவி இயக்குநர் வாய்ப்பு கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. ஷீட்டை எடிட்டிங் அறைக்கு நானே நடந்து போய்க் கொடுக்கிறேன், கிறுக்கல் தாள் எதையும் கிழிப்பதில்லை. நீ வருவதானால் என் அறைக்கு வா. கட்டில் ஒன்றுதான், மாற்றி மாற்றிப் படுக்கலாம். அந்த வீட்டுக்கு மட்டும் போகாதே.

என் பேச்சை மட்டும் வைத்து நீ முடிவு செய்ய வேண்டாம். என்னிடம் மிஞ்சியிருக்கும் அந்த ஒரு நகலை இதோடு வைத்திருக்கிறேன். அண்ணியின் குறிப்பையும் திருப்பி அனுப்புகிறேன். அதில் ‘4 மணி வண்டியில் கிளம்பி வா’ என்று எண்ணிலேயே எழுதியிருக்கிறார். இரண்டு தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்த நான்கைப் பார்.

அக்கா