ராத்தா வீட்டுக்கு வழி

விடிந்து வெகுநேரமாகியும் சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் சத்தம் கேட்கவில்லை. ஜெஸீமா குசினியில் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தாள். கைதான் மாவில் இருந்ததே தவிர, காது சுவரில் இருந்தது. சுபஹுத் தொழுகை முடிந்து சற்று நேரத்தில் அவளுடைய அக்கா ஹிதாயா ராத்தா இருமத் தொடங்குவாள். கூட இருக்கும் சோமாவதி கொத்தமல்லித் தண்ணீர் கொடுத்ததும் அடங்கும், வெயில் ஏறினால் மறுபடி எழும்பும். கேட்கிறவருக்கு நெஞ்சைப் பிடுங்கும் இருமல் அது. ஆனாலும் புருஷன் போய் இத்தாவில் உட்கார்ந்த நாள் முதலாக ஜெஸீமா அந்த இருமலைக் கேட்டுத்தான் காலை ஆகாரத்தில் கைவைப்பாள். இருமினால் இருக்கிறாள் என்று அர்த்தம். இன்றைக்குக் கடல் மட்டும் கோட்டைச் சுவரில் மோதிக்கொண்டிருந்தது.

குசினிச் சுவரின் நடுவில் ஓர் ஆள் உயரத்துக்குச் சுண்ணாம்பு மட்டும் வெள்ளையாகத் தெரியும். சில மாதத்துக்கு முன் வரைக்கும் அங்கே கதவு இருந்தது. காலிக் கோட்டைக்குள்ளே அந்த வரிசையில் இருந்த எல்லா வீடுகளுக்கும் அப்படியொரு கதவு உண்டு. தெருவில் கால் வைக்காமல் பெண்கள் வீட்டுக்கு வீடு போவார்கள், வருவார்கள். ஒரு வீட்டில் மீன் பொரித்தால் நாலு வீட்டுச் சோற்றுக்கு அது கறி. புருஷன் மௌத்தாகி இத்தா இருக்கிற பெண் நாலு மாதம் பத்து நாள் வாசற்படி தாண்டக் கூடாது, அந்நிய ஆண் முகம் பார்க்கக் கூடாது என்பார்கள். கோட்டைப் பெண்களுக்கு அது பெரிய கஷ்டமாக இருந்ததே இல்லை. கதவு வழியாகப் போவதை யாரும் வெளியே போவதாகக் கணக்கெடுக்கவில்லை. ஜெஸீமாவின் உம்மா தன் இத்தாவில் மூத்த மகள் வீட்டில் சாப்பிட்டு, இளைய மகள் வீட்டில் படுத்து, வரிசையின் கடைசி வீடு வரைக்கும் போய் வெற்றிலை போட்டு வந்தவள்.

வீடுகள் ஒவ்வொன்றாக விலைபோயின. வாங்கியவர்கள் கதவுகளை ஒவ்வொன்றாக அடைத்தார்கள். கடைசியாக மிஞ்சியது ஹிதாயா ராத்தா வீட்டுக்கும் ஜெஸீமா வீட்டுக்கும் நடுவில் இருந்த கதவுதான். வாப்பா இரண்டு பெண்களுக்கும் பக்கத்துப் பக்கத்து வீட்டைச் சீதனமாகக் கொடுத்ததே இந்தக் கதவை நம்பித்தான்.

அந்த வீட்டையும் ராத்தா விற்றாள். விற்றதைக்கூட ஜெஸீமா பொறுத்திருப்பாள், சொல்லாமல் விற்றதைத்தான் பொறுக்க முடியவில்லை. மெல்பேர்னிலிருந்து மகன் இர்ஃபாஸ் வந்து, கையெழுத்தெல்லாம் முடிந்த பிறகு, ராத்தா ஒரு தட்டில் வட்டிலப்பத்தை வைத்துக்கொண்டு அந்தக் கதவு வழியாகவே வந்தாள். "ஊட்ட குடுத்துட்டேன் ஜெஸீமா. ஒனக்கிட்ட முந்தியே செல்லியிருந்தா நீ விடமாட்டாய். ஏசாத" என்றாள். உசுரோடு இருக்கும்வரை பின்னறையில் தான் இருந்துகொள்ளலாம் என்று வாங்கிய வெள்ளைக்காரி சம்மதித்திருக்கிறாள் என்றும் சொன்னாள். ஜெஸீமா தட்டைத் தொடவில்லை.

மறுநாள் இர்ஃபாஸ் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். வெள்ளைக்காரிக்குக் கோட்டை என்றால் உயிராம். அந்தக் கதவின் அழகில் மயங்கித்தான் வீட்டையே வாங்கினாளாம். அதனால் கதவும் நிலையும் அப்படியே இருக்கட்டும், பின்னால் மட்டும் கல் வைத்துக் கட்டிவிடலாம் என்கிறாளாம். "உம்மா உசிரோட ஈக்கும் மட்டும் கல்லு வெக்காம விடச் சென்னா விடுவா. பொதுச் சொவரு, ஒங்கட வாய்ச்சொல்லும் வேணும் சாச்சி" என்றான்.

"என்னத்துக்கு விடணும்? இன்டைக்கே அடை" என்றாள் ஜெஸீமா. "எனக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்ல."

ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? மேசன் வந்தான், கல் வைத்தான், அவள் பக்கத்தில் பூசி வெள்ளையடித்துவிட்டுப் போனான். சாந்து முழுதாகக் காயும் முன்னே ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் புறப்பட்ட அவள் புருஷன் லாபிர் ஹாஜியார் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே கட்டிலில் சாய்ந்தார். அவ்வளவுதான். ஜெஸீமாவுக்கு வெள்ளைச் சேலை கட்டினார்கள்.

மையித்து வீட்டுக்குக் கோட்டையை விட்டுப் போனவர்களும் வந்தார்கள். ஒரு சுவர் தள்ளியிருந்த ராத்தா வரவில்லை. அந்த வேதனையில்கூட ஜெஸீமாவின் மனம் அதைக் குறித்துவைத்துக்கொண்டது. பிறகொரு நாள் ராத்தாவைப் பார்த்துக்கொள்ளும் சோமாவதிதான் வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னாள். அன்றைக்குப் பெரிய நோனா, ராத்தாவை அப்படித்தான் அழைப்பாள், முன்வாசல் வரைக்கும் சுவரைப் பிடித்து நடந்தாராம். தெருப்படி உயரம். மூச்சு வாங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம். பிறகு கட்டிலை அந்தக் கதவுக்கு நேரே இழுத்துப் போடச் சொன்னாராம். அதைக் கேட்டதிலிருந்து ஜெஸீமா தினமும் பின்னேரம் அஸர் தொழுகை நேரத்தில் உலக்கையால் சுவரை ஒரு தட்டு தட்டுவாள். அந்தப் பக்கமிருந்து இருமல் பதிலாக வரும். இரண்டு சகோதரிகளுக்கும் மிஞ்சியிருந்த பேச்சு அதுதான்.

இப்போது பிசைந்த மாவை அப்படியே விட்டுவிட்டு உலக்கையை எடுத்துத் தட்டினாள். இன்னொரு முறை தட்டினாள். முன்வாசலில் யாரோ அழுதபடி பேசும் சத்தம் கேட்டது. மகள் சஹ்லா உள்ளே வந்தாள்.

"உம்மா, பெரியும்மாக்கு ஏலாதாம். சோமாவதி வந்து செல்லிட்டுப் போறா. டொக்டர் கைய விரிச்சிட்டாராம். இர்ஃபாஸ் நானா நாளைக்குத்தான் வாராராம்."

"பேசுறாவா?"

"இடைக்கிட முழிக்கிறாவாம். முழிச்சா ஒங்களத்தான் கேக்குறாவாம்."

ஜெஸீமா கையைக் கழுவினாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடையை நோக்கி நடந்தாள். ஹாஜியாரின் தங்கை நஸீரா, இத்தா முடியும்வரை துணைக்கென்று வந்து தங்கியிருப்பவள், நடுவில் வந்து நின்றாள்.

"எங்க மதினி போறீங்க?"

"ராத்தா ஊட்டுக்கு."

"நல்லா ஈக்கி கத! இத்தாவுல ஈக்கிற பொம்புள ரோட்டுல எறங்குறதா? எங்கட நானாட கபுர் மண்ணு இன்னம் காயல்ல. ஊரு சிரிக்காதா?"

"ஊரு எங்க ஈக்கி மதினி?" ஜெஸீமா கத்தவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். "இந்த ரோட்டுல எங்கட ஊடும் பள்ளி மோதினார்ட ஊடும்தான் மிச்சம். மத்ததெல்லாம் ஹோட்டல். சிரிக்கிறதுக்குச் செல்லி யாரைக் கூட்டிட்டு வரப்போறீங்க?"

நஸீரா வழியை விட்டு நகர்ந்தாள். அவளும் இந்த வரிசையில் பிறந்தவள்தான். தன் உம்மாவின் கடைசி நேரத்தில் அந்தக் கதவுகள் வழியாக ஓடிய ஓட்டம் அவளுக்கும் ஞாபகம் இருக்காதா? ஜெஸீமா செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"போறதெண்டா கொடையையாவது பிடிச்சிட்டுப் போங்க. சஹ்லா, உம்மாட மொகத்த மறைச்சுப் பிடி."

தெரு வெயிலில் கண் கூசியது. தெரு முடிகிற இடத்தில் கோட்டை மதில், அதற்கு மேலே ஒரு கீற்றுக் கடல். பிறந்ததிலிருந்து அதன் இரைச்சலோடு வாழ்ந்தவள்தான், ஆனாலும் இத்தனை நாளுக்குப் பிறகு பார்க்கும்போது அதன் நீலம் அவளுக்குக் கொஞ்சம் அதிகப்படியாகத் தெரிந்தது. ராத்தாவுக்கு மூச்சு இழுக்கிறது, இது ஒரு பக்கம் மினுக்கிக்கொண்டு கிடக்கிறது என்று எரிச்சல் வந்தது. சுற்றுலாக் கூட்டம் ஒன்று குறுக்கே வந்தது. வெள்ளைச் சேலையும் கறுப்புக் குடையும் பழைய மஞ்சள் சுவரும் சேர்ந்து அவர்களுக்கு ஏதோ ஓவியமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஒருத்தி கமராவைத் தூக்கினாள். சஹ்லா குடையைச் சட்டென்று தாழ்த்தினாள். தன் வீட்டு வாசலிலிருந்து ராத்தா வீட்டு வாசலுக்கு இவ்வளவு தூரம் இருக்கும் என்று ஜெஸீமாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ராத்தா வீட்டு நடையில், வாப்பாவின் சாய்மனைக் கதிரை கிடந்த இடத்தில் இப்போது மேசை போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வெளியூர்ப் பிள்ளை. ஜெஸீமாவைக் கண்டதும் எழுந்து கைகூப்பினாள். குளிர்ந்த சிறு துவாயையும் ஒரு கிண்ணத்தில் தேசிக்காய்த் தண்ணீரையும் தட்டில் வைத்து நீட்டினாள்.

"வெல்கம் மேடம். ரூம் புக் செஞ்சிருக்கீங்களா?"

ஜெஸீமா இந்த வீட்டில்தான் தவழ்ந்தாள். இந்த நடையில்தான் அவளுக்கு மருதாணி போட்டார்கள். அந்தப் பெண்ணோ வந்த விருந்தாளியை உபசரிக்கிறாள், அவளைக் குறை சொல்லவும் முடியாது. ஜெஸீமா தட்டைத் தாண்டி உள்ளே போனாள். வழி கேட்க வேண்டியிருக்கவில்லை.

பின்னறையில் சோமாவதி காலடியில் உட்கார்ந்திருந்தாள். கட்டிலில் ராத்தா பாதி ஆளாகக் கிடந்தாள். எதிரே, முற்றத்துக்கு அப்பால், அந்தக் கதவு. எண்ணெய் பூசிப் பளபளவென்று வைத்திருந்தார்கள். மேலே ஒரு சின்ன விளக்குப் பகலிலும் எரிந்தது. ஜெஸீமா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ராத்தாவின் கையைப் பிடித்தாள். எலும்பும் சூடும்தான் இருந்தன. ஏசலாம் என்று எத்தனையோ வார்த்தைகள் சேர்த்து வைத்திருந்தாள். மன்னிப்புக் கேட்கவும் சில வைத்திருந்தாள். கண்ணீர்தான் வந்தது.

ராத்தா கண் திறந்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"ஜெஸீமா... எந்த வழியால வந்த நீ?"

தெரு வழியாக என்று சொல்ல வாயெடுத்தாள். ராத்தாவின் பார்வை அதற்குள் கதவுக்குப் போய்விட்டது. இரண்டு கண்ணிலும் ஒரு வெளிச்சம்.

"தொறந்துட்டாங்களா?"

"ஓ ராத்தா" என்றாள் ஜெஸீமா. "தொறந்தாச்சி. இதாலதான் வந்தேன்."

"நீ தொறக்க விடமாட்டாய் எண்டுதான் நெனச்சேன்."

"நான்தான் தொறக்கச் சென்னேன்."

ராத்தா சிரிக்கப் பார்த்தாள். மூச்சு இடம் கொடுக்கவில்லை. கொஞ்சம் ஆறிய பிறகு, சின்ன வயதில் ஏவல் சொல்லும் அதே குரலில் சொன்னாள்: "வந்த கையோட சாத்திட்டாய். தொறந்து வையேன் புள்ள. ஒங்கட ஊட்டுப் பக்கத்துக் கடல்காத்து வரட்டும். மூச்சு முட்டுது."

சோமாவதி தலை குனிந்துகொண்டாள். சஹ்லா அறை வாசலில் கையால் வாயைப் பொத்தினாள்.

ஜெஸீமா எழுந்து முற்றத்தைக் கடந்தாள். கதவின் இரண்டு பலகைகளும் தொட்டதும் சத்தமில்லாமல் திறந்தன. உள்ளே கல். கதவு மூடியே இருக்கும், யார் பார்க்கப் போகிறார்கள் என்று மேசன் இந்தப் பக்கம் பூசாமலே விட்டிருந்தான். சாந்து பிதுங்கி வழிந்தபடியே இறுகியிருந்தது. ராத்தாவின் கண்ணில் அது படுவதற்குள் ஜெஸீமா திரும்பி நிலைக்குள் நின்றாள். முந்தானையை இரண்டு கையாலும் விரித்து, ஒரு மூலையை ஒரு பக்கத்து நிலையிலும் மறு மூலையை மறு பக்கத்து நிலையிலும் அழுத்திப் பிடித்தாள். கல்லின் சொரசொரப்பு முதுகில் குத்தியது.

"காத்து வருதா ராத்தா?"

ராத்தா அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முற்றத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. ஜெஸீமா சேலையைப் பிடித்திருந்த விரல்களை மெல்ல அசைத்தாள். துணி படபடத்தது.

"வருது" என்றாள் ராத்தா.

முன்வாசலில் செருப்புகள் கழற்றும் சத்தம் கேட்டது. கோட்டைக்கு வெளியே குடிபோன பெண்கள் செய்தி கேட்டு அவள் தலைமாட்டில் யாசீன் ஓத வந்துகொண்டிருந்தார்கள். ஜெஸீமாவின் கைகள் கடுத்தன. அவள் அவற்றைத் தாழ்த்தவில்லை. விரல்களை அசைத்துக்கொண்டே நின்றாள்.