விதை வெங்காயம்

விதை வெங்காயத்தைப் பெற்ற பிள்ளையாகப் பார்த்துக்கொள்பவள் கலையரசி. வயலோரத்தில் மூங்கில் தட்டி கட்டிய பட்டறையில் கொட்டி வைத்து, காலையும் மாலையும் உள்ளே கைவிட்டுத் துழாவி மோந்து பார்ப்பாள். அவளிடம் போய், "இதெல்லாம் எந்தக் காலத்து வேலைக்கா? நம்ம குடோன்ல போடுங்க, செல்போனே பாத்துக்கும்" என்று வாயடித்தவள் மணிமொழி.

பெரம்பலூருக்கு மேற்கே அந்த ஊர் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் கம்பெனியில் குடோன் பொறுப்பு மணிமொழியுடையது. ஊரார் பங்குப் பணமும் வங்கிக் கடனும் போட்டுக் கட்டியது. உள்ளே ஈரத்தை அளக்கும் சென்சார், ஈரம் ஏறினால் தானே ஓடும் பெரிய ஃபேன், எல்லாம் அவள் கைபேசியில் தெரியும். அரியலூர் முந்திரிக்காரர்கள்கூட வந்து பார்த்துவிட்டு, நாமும் ஒன்று கட்டலாமா என்று பேசிக்கொண்டே போனார்கள். மணிமொழிக்குத் தலைகால் புரியவில்லை. ஊராரோடு கலையரசியும் தன் விதையைச் சாக்கில் கட்டி அங்கே கொண்டுவந்து போட்டாள்.

ஆயுத பூஜையன்று குடோனைக் கழுவி, தராசுக்கும் ஃபேனுக்கும் பொட்டு வைத்தார்கள். சுவரிலிருந்த சென்சாரைக் காட்டி, "இதுதான்க்கா எல்லாத்துக்கும் மூளை. நீங்களே வெச்சி வுடுங்க" என்றாள் மணிமொழி. கலையரசிக்கு ஒரே பெருமை. தன் விதையைக் காக்கப்போகிற சாமி என்றே நினைத்தாளோ என்னவோ, சந்தனத்தைக் குழைத்து அதன் முகம் முழுக்க அப்பி, நடுவே குங்குமம் வைத்துக் கும்பிட்டாள். மணிமொழி அதைப் போட்டோ எடுத்து ஊருக்கே அனுப்பினாள்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. ஈரக்காற்று புகுந்துவிடும் என்று மணிமொழி குடோன் கதவைப் பூட்டியே வைத்தாள். கலையரசி அடிக்கடி வந்து நின்றாள்.

"ஒருதடவ மோந்து பாத்துட்டுப் போயிடறேன் புள்ள."

மணிமொழி கைபேசியை நீட்டுவாள். அத்தனை மழையிலும் ஈரத்தைக் காட்டும் எண் அசையவே இல்லை. அது குடோனின் கெட்டிக்காரத்தனம் என்று நம்பினாள் அந்தப் பைத்தியக்காரி மணிமொழி. கலையரசி திரும்பிப் போவாள்.

நடவுக்கு விதை எடுக்க வந்த காலையில் கதவைத் திறந்ததும் நாற்றம் குடலைப் பிடுங்கியது. ஊர் வெங்காயம் மொத்தமும் சாக்கோடு அழுகி, தரையில் நீராகக் கசிந்திருந்தது.

திருச்சியிலிருந்து வந்த மெக்கானிக் பிரேம்குமார் சென்சாரைக் கழற்றிப் பார்த்துவிட்டு மணிமொழியைத் தனியே கூப்பிட்டான்.

"காத்து போற ஓட்டையெல்லாம் சந்தனம் அடைச்சிருக்குங்க. உள்ள மாட்டுன காத்தையே அளந்துட்டு இருந்திருக்கு. ஃபேன் ஓடவே இல்ல. யாருங்க பூசுனது?"

மணிமொழி குடோனுக்குள் இருந்த கலையரசியைத் திரும்பிப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் ஊர் கலையரசியைக் கரித்துக் கொட்டும். பழியைத் தானே ஏற்கவும் வழியில்லை. அந்தப் போட்டோ எல்லார் கைபேசியிலும் கிடக்கிறது. மிஷின் மேல் போட்டால் இனி ஒருவரும் குடோன் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். அவள் ஓடி ஓடிச் சேர்த்த கம்பெனி அதோடு சரி.

"மிஷின் கோளாறுன்னே சொல்லிடுங்க தம்பி" என்றாள். சென்சாரை வாங்கி, காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

உள்ளே கலையரசி அழுகிய குவியலுக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். ஒன்றுகூடத் தேறவில்லை.

"மிஷின் கெட்டுப்போச்சுக்கா."

கலையரசி நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் கோபம்கூட இல்லை.

"என் கையால சந்தனம் கொழச்சுப் பூசுனேனே புள்ள. அந்த நன்றிகூட இல்லாம போச்சே அதுக்கு."

மணிமொழி பக்கத்தில் உட்கார்ந்து அழுகலைக் கூடையில் அள்ளத் தொடங்கினாள்.