ஆறாம் கட்டடம்

ஒன்பது வருடமாக அந்தக் குடியிருப்பின் ஒவ்வொரு மாடியையும் சின்னக்காதான் சுத்தம் செய்துவந்தாள். துடைப்பத்தால் அல்ல, தூரிகையால். நகராட்சி அலுவலகக் கூடத்தில், கட்டில் அகல மேசையின் மேல், மரத்திலும் அட்டையிலும் செய்த ஆறு மாதிரிக் கட்டடங்கள் நின்றன. பஞ்சு மரங்கள், நகத்தளவு மனிதர்கள். அவள் வாழ்ந்த பின்வரிசை வீடுகளை இடித்துவிட்டு அங்கே எழும்பப்போவது இதுதான் என்றார்கள்.

இடிப்பு மட்டும் சொன்ன தேதியில் நடந்தது. ஒன்று முதல் ஐந்துவரை கட்டி முடித்து ஆட்களும் குடிவந்துவிட்டார்கள். பின்வரிசைக்காரர்களுக்கு என்று சொல்லப்பட்டது ஆறாவது. அதுவரை ஊர்க்கோடியில் தகரக் கூரை போட்ட தற்காலிக வீடு. அந்தத் தற்காலிகத்தில் பிறந்த பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

கணவன் இறந்து வேலைக்குத் திரும்பிய முதல் காலை, ஆறு வருடத்துக்கு முன்னால், சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, ஆறாம் கட்டடத்தின் மூன்றாம் மாடி ஜன்னல் ஒன்றின் கீழே சின்னதாக ஒரு புள்ளி குத்தினாள். அது அவள் வீடு. அன்றிலிருந்து தூசி தட்டும்போதெல்லாம் மனதுக்குள் அந்த வீட்டில் எதையாவது நகர்த்துவாள். கட்டில் இங்கே, அவர் படம் அங்கே, மகளுக்குக் கதவு வைத்த தனி அறை. ஐம்பது வயதில் சொப்பு விளையாடுகிறோமே என்று கூச்சமாக இருக்கும். ஆனாலும் ஒருநாளும் அந்த ஜன்னலைக் கடைசியாகத் துடைக்காமல் போனதில்லை.

ஒரு திங்கள் காலை ஆறாவதைக் காணவில்லை. அந்த இடத்தில் பச்சைத் துணி ஒட்டியிருந்தது. அதன்மேல் இரண்டு பொம்மை பெஞ்சுகள். மாடி அறைக் குப்பைக்கூடையைக் கவிழ்த்தபோது, தேநீர் குடித்துப் போட்ட காகிதக் கோப்பைகளுக்கு அடியில் கட்டடம் கிடந்தது. சோப்புக்கட்டி அளவுதான். திருப்பி, ஊக்குப் புள்ளியைப் பார்த்தாள். சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வீட்டில் மகள் பார்த்துவிட்டாள். "ஏம்மா, குப்பைல கெடந்தத எதுக்கு எடுத்துட்டு வந்த? தெரிஞ்சா வேலையே போயிடும்."

"நம்ம வீட்டக் குப்பைல போட்டிருக்காங்கடி."

"அஞ்சு பேரு ஒரே ரூம்ல கெடக்கோம். உன் சம்பளமும் போனா என்ன செய்றது?"

மகள் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் அந்த வாரம் முழுக்கச் சின்னக்கா கட்டடம் இருந்த அந்தப் பையைத் தூக்கிக்கொண்டுதான் வேலைக்குப் போனாள்.

சனிக்கிழமை பகலில் அதே கூடத்தில் மக்கள் கூட்டம். திட்ட அதிகாரி கையில் குச்சியோடு மேசையருகே நின்றார். பழைய பக்கத்து வீட்டுக் குழாய்க்காரர் எழுந்தார்.

"எங்க ஆறாவது எங்கங்க?"

"அங்க பூங்கா வருது. ஆறாவதுன்னு எங்க ரெக்கார்டுல எதுவும் கிடையாது."

"ஒன்பது வருஷமா இந்த மேசையில நாங்க பாத்தோமே!"

"மேசையில இருக்கறது அழகுக்குங்க. பாத்ததெல்லாம் சாட்சி ஆகுமா? எழுத்துல எதாவது இருக்கா?"

"பூங்கால பெஞ்சு போடுறீங்கல்ல? ஆளுக்கு ஒண்ணு எழுதிக் குடுத்துடுங்க. திரும்பிப் படுக்காம சமாளிச்சிக்கிறோம்."

கூடம் சிரித்தது.

சின்னக்கா தோளில் சாப்பாட்டுப் பையும் கையில் தேநீர்த் தட்டுமாகச் சுவரோரம் நின்றிருந்தாள். சீருடை போட்டவளை யாரும் பார்ப்பதில்லை, அதுவே ஒரு பாதுகாப்பு என்று இத்தனை வருடம் நினைத்திருந்தாள். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. அதைவிட, அந்தப் புள்ளிக்குள் அடுக்கி வைத்ததையெல்லாம் இத்தனை பேர் முன்னால் திறந்து காட்ட வேண்டுமே என்ற பயம் பெரிதாக இருந்தது. 'எழுத்துல இருக்கா' என்று அதிகாரி மறுபடி கேட்டார். அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

மேசைக்குப் போய்ப் பச்சைத் துணியை ஒரே இழுப்பில் உரித்தாள். கீழே, ஆறாவது நின்ற இடத்தில், நாலு மூலையிலும் பசைத் தடம். பையிலிருந்த கட்டடத்தை அதன்மேல் வைத்தாள். இம்மி பிசகாமல் பொருந்தியது.

அதிகாரி முகம் சிவந்தது. "யாரும்மா நீ? எந்தக் கட்டையையோ கொண்டாந்து வெச்சு…"

"எந்தக் கட்டையோ இல்ல. மூணாவது மாடி, இடதுலேருந்து ரெண்டாவது ஜன்னல். அதுக்குக் கீழ ஊக்கால ஒரு புள்ளி இருக்கும் பாருங்க. நான் குத்தினது."

கூட்டத்தின் ஓரத்திலிருந்து அவளுடைய மேற்பார்வையாளர் ஓடிவந்தார். கோப்பை உடைந்தால்கூட எந்தக் கோப்பை, எந்த அலமாரி என்று மூன்று வரி எழுதி முத்திரை குத்துகிறவர். ஊழியர்கள் வைத்த பெயர் மெமோ சார். "ஆபீஸ் பொருளச் சேதப்படுத்திட்டு அதப் பெருமையா வேற சொல்றியா? இப்பவே மெமோ!"

"எழுதுங்க சார். வழக்கம்போல எதையும் விடாம எழுதுங்க."

புத்தகத்தைப் பிரித்தார். கோபத்தில்கூட அவர் எழுத்து கோணவில்லை. "எந்தப் பொருள்?"

"ஆறாவது கட்டடம்."

"ஆறாம்… கட்டடம்," என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "எதுக்குன்னு ஒதுக்கினது?"

"பின்வரிசைக் குடும்பங்களுக்கு. ஒன்பது வருஷமா இந்த மேசையில இருந்தது."

அதையும் எழுதினார். அதிகாரி "யோவ், நிறுத்துய்யா!" என்று கத்துவதற்குள், பழகிய கை முத்திரையைக் குத்திவிட்டது. பேனா அந்தரத்தில் நிற்க, தான் என்ன எழுதினோம் என்று மெமோ சார் இரண்டாம் முறை வாசித்துப் பார்த்தார்.

குழாய்க்காரர் அந்தப் பக்கத்தைப் படம் எடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்தார். பின்னால் இன்னும் பத்துப் பதினைந்து போன்கள்.

சின்னக்கா புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, குற்றத்தை ஒப்புக்கொள்ளும் இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். எழுத்துக்கூட்டித்தான் போட்டாள், ஆனால் அவசரப்படவில்லை.

"நாளையிலேருந்து நீ வேலைக்கு வர வேணாம்," என்றார் அதிகாரி.

"சரிங்க. அதையும் எழுத்துல குடுத்துடுங்க." கையை நீட்டினாள். "முதல்ல இதுல எனக்கொரு நகல்."

நகல் வரும்வரை சும்மா நிற்கப் பிடிக்காமல் தூரிகையை எடுத்தாள். ஆறாம் கட்டடத்தில் ஒட்டியிருந்த தேயிலைத் தூளை, மேலிருந்து கீழாக, மாடி மாடியாகத் தட்டத் தொடங்கினாள்.