ஒரு மீட்டர் மண்

அளக்க வந்த பெண் என் படுக்கையறைச் சுவரில் சிவப்புச் சாக்கட்டியால் ஒரு கோடு இழுத்துவிட்டு, எதையோ உடைத்துவிட்டவள் போல என்னைப் பார்த்தாள். கூரையிலிருந்து இறங்கிய கோடு கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால் போய் மறைந்தது. அதற்குப் பிறகு எப்படிப் போகிறது என்பதை அவள் கையால் காட்டினாள். மெத்தையின் நடுவே, இரண்டு தலையணைகளுக்கும் இடையே போனது.

"எல்லை இப்படித்தாங்க போகுது. அந்தச் சன்னல் பக்கம் உங்க மனையில வராது."

சன்னல் பக்கம் என் கணவன் ஸ்டைனார் படுக்கும் பக்கம். அவன் செத்துப்போய்ச் சில குளிர்காலங்கள் ஆகிவிட்டன. இன்னும் நான் அந்தப் பக்கம் புரண்டு படுப்பதில்லை. கருவி தப்பாகக் காட்டுகிறதோ என்று கேட்டேன். மூன்று தடவை பார்த்துவிட்டதாகச் சொன்னாள். அவளுக்கு என் மகள் சில்யேவைவிட வயது குறைவாக இருக்கும். மழைக்கோட்டிலிருந்து தரையில் நீர் சொட்டுவதைப் பார்த்து அதற்கும் மன்னிப்புக் கேட்டாள்.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் பண்ணை மூத்த பிள்ளைக்கு. கூறு போட்டால் யாருக்கும் உருப்படியாக எதுவும் மிஞ்சாது என்பார்கள். அப்படிச் சொல்பவர்கள் எல்லாரும் மூத்தவர்களாகப் பிறந்தவர்கள். இளையவனுக்கு, அண்ணன் மனது வைத்தால், பண்ணையின் ஓரத்தில் வீடு கட்டிக்கொள்ள ஒரு துண்டு நிலம் கிடைக்கும், அதுவும் வாடகைக்கு. வீடு நம்முடையது, அது நிற்கிற மண் அண்ணனுடையது. அப்படித்தான் ஸ்டைனாரின் அண்ணன் ஹால்வாரின் மண்ணில் நாங்கள் வீடு கட்டினோம், பிள்ளை பெற்றோம், கிழடாகவும் ஆனோம்.

வாடகை ஒன்றும் பெரிதில்லை. ஒரு ஜோடி நல்ல பூட்ஸ் வாங்கும் பணம். இலையுதிர்காலத்தில் ஆடுகள் மலையிலிருந்து இறங்கியதும் நான்தான் பண்ணை வீட்டுக்கு ஏறிப் போய்க் கொடுப்பேன். அன்றைக்குப் பார்த்து ஸ்டைனாருக்கு எப்போதும் ஏதாவது வேலை வந்துவிடும். ஹால்வாரின் மனைவி வாஃபிள் அப்பமும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் வைப்பாள். ஹால்வார் பணத்தை எண்ணாமல் காபி டப்பாவுக்கு அடியில் செருகுவான். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட வாடகையை ஏற்றவில்லை. அதற்கு நான் நன்றி சொல்வேன். வாசலில் இன்னொரு முறை சொல்வேன். மறுவாரம் கடையில் பார்த்தால் அங்கேயும் சொல்வேன். நன்றி சொல்லிச் சொல்லியே என் தாடை தேய்ந்துவிட்டது. முதியோர் இல்லத்தில் காலமெல்லாம் பிறரைத் தூக்கி உட்காரவைத்த முதுகு வலித்ததைவிட இதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

வாடகை மனையை விலை கொடுத்துச் சொந்தமாக்கிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஓய்வு பெற்றதும் கையில் கொஞ்சம் சேர்ந்தது. ஹால்வாரும் அடுத்த வருடம் பண்ணையை மகளிடம் ஒப்படைக்கப் போகிறான். அதற்குள் முடித்துவிட நினைத்தேன். எனக்கு வேண்டியது அவ்வளவுதான், என் வீட்டில், என் மண்ணில், யாருக்கும் நன்றி சொல்லாமல் ஒரு குவளை காபி. கேட்டபோது ஹால்வார் மறுக்கவில்லை. "சரி" என்று மட்டும் சொன்னான். ஆனால் மனையை இதுவரை யாரும் அளந்ததில்லை. பழைய ஒப்பந்தத்தில் இருந்ததெல்லாம் 'பெரிய பாறையிலிருந்து ஓடை வளைவு வரை நேர்கோடு' என்ற ஒரு வரிதான்.

நான் வெளியே வந்தபோது ஹால்வார் மழையில் அந்தப் பாறையின் அருகே நின்றிருந்தான்.

"கோடு படுக்கையறைக்குள்ள போகுதாம்" என்றேன்.

"போகும்."

"உனக்குத் தெரியுமா?"

"ஸ்டைனார் அந்த ரூமுக்குக் கடக்கால் தோண்டறப்பவே சொன்னேன், இந்தாண்ட தள்ளித் தோண்டுடான்னு. தள்ளினா பாறை வருது, வெடி வைக்கக் காசில்லன்னான். பேச்சு முத்திப்போச்சு." அவன் தொப்பியைக் கழற்றி நீரை உதறினான். "உனக்குப் பண்ணை முழுசும் கெடச்சுது, எனக்கு ஒரு மீட்டர் கூடக் கெடைக்காதான்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ல? அவன் கேட்டது நியாயந்தான."

அந்த அறையைக் கட்டியபோது சில்யே என் வயிற்றில் இருந்தாள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஹால்வார் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. நான் பேசிய ஏதோ ஒன்று அவனைச் சுட்டுவிட்டது என்று நினைத்து, எது எது என்று வருடக்கணக்கில் யோசித்திருக்கிறேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். தெரிஞ்சா நீ அந்த ரூம்ல படுக்கமாட்டன்னான்."

படுத்திருக்க மாட்டேன். ஸ்டைனாருக்கு என்னைத் தெரியும். எனக்கு அவன்மேல் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. செத்தவனோடு சண்டை போட்டு என்ன லாபம்? நிமிர்ந்த தலையோடு வாடகை கொண்டுபோன ஒவ்வொரு தடவையும் எதிரே உட்கார்ந்து காபி குடித்த ஹால்வாருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. வாடகை கொடுத்த மண்ணில் சமைத்துவிட்டு, கொடுக்காத மண்ணில் போய்த் தூங்கியிருக்கிறோம். வெட்கமாக இருந்தது. அதைவிடக் களைப்பாக இருந்தது.

அளக்கும் பெண் எல்லைக் கம்பியும் சுத்தியலுமாக வந்தாள். "ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா இப்பவே எல்லையை வெளிய தள்ளிப் போட்டுடலாம்" என்றாள்.

"போடும்மா" என்றான் ஹால்வார். "சுவரைத் தாண்டி, நல்லாத் தள்ளியே போடு."

"எவ்வளவு?" என்றேன்.

"என்ன எவ்வளவு?"

"விலை."

"யோருன், அந்த எடத்துல என் ஆடு கூட மேயாது."

"ஆட்டுக்கிட்ட நான் கேக்கல. விலையச் சொல்லு. இல்லன்னா கோடு கட்டில் மேலயே இருக்கட்டும். நான் என் பக்கத்துல படுத்துக்கறேன்."

"அப்ப அந்தப் பக்கம்?"

"உன்னுது. யாருக்காவது வாடகைக்கு விடு."

அந்தப் பெண் சிரித்துவிட்டு, சிரித்தது தப்போ என்று மலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். ஹால்வார் சிரிக்கவில்லை. தொப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். வழுக்கைத் தலையில் மழை விழுந்து காதோரம் வழிந்தது.

"நான் வெலை வாங்கிட்டேன்னா அதுவும் வித்ததாயிடும்" என்றான். "தம்பிக்கு ஒண்ணுமே குடுக்காத அண்ணனாவே நான் சாகணுமா?"

இவனுக்கும் ஒரு பாரம் இருந்திருக்கிறது என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. கொடுப்பவன் சுகமாக இருப்பான் என்றுதான் நினைத்திருந்தேன். அதற்காக என் ஆசையை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. இந்த ஒரு மீட்டரைச் சும்மா வாங்கிக்கொண்டால் மீதி ஆயுளுக்கும் நன்றி சொல்லவேண்டியதுதான். அதற்குமேல் எனக்குப் பேசவும் தெம்பில்லை. அந்தப் பெண்ணின் கையிலிருந்து கம்பியை வாங்கிக்கொண்டு வீட்டின் பின்புறம் போனேன். சன்னலுக்குக் கீழே ஈரப்புல்லில் மண்டியிட்டு, கம்பியைச் சுவரோடு சுவராக ஒட்டி ஊன்றினேன். சும்மா வாங்கித்தான் ஆகவேண்டுமென்றால் வீடு நிற்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு, அதற்குமேல் ஒரு விரல்கூட வேண்டாம்.

ஹால்வார் பின்னாலேயே வந்தான். "சுவருக்குப் பெயின்ட் அடிக்க எங்க நிப்ப? என் மண்ணுலயா?"

"உங்கிட்ட கேட்டுட்டு நிப்பேன்."

அவன் மெல்லக் குனிந்தான். என் கைகளுக்குமேல் தன் இரண்டு கைகளையும் வைத்துக் கம்பியைச் சுவரிலிருந்து விலக்கித் தன் பக்கமாக இழுத்தான்.

"விடு" என்றேன்.

"நீ விடு."

அந்தப் பெண் சுத்தியலோடு மழையில் காத்திருந்தாள். புல்லின் ஈரம் பாவாடையைத் தாண்டி முழங்காலுக்கு ஏறி, இரண்டு கால்களும் மரத்துவிட்டன. இனி யாராவது கைகொடுத்தால்தான் நான் எழுந்திருக்க முடியும். பக்கத்தில் இருந்த கைகள் இரண்டும் கம்பியின்மேல், என் கைகளுக்குமேல் இருந்தன.