போல்ட்டு கம்பெனியும் கொன்னம்பேட்டு எல்லையும்

கொன்னம்பேட்டில் முதன்முதலாகக் கம்பெனி வேலைக்குப் போனவன் முனியன். ஆனால் அந்த வேலையைப் பார்த்ததென்னவோ அவன் பெண்டாட்டி ஜெகதாம்பாள்தான் என்று ஊரில் ஒரு பேச்சு. அவன் கம்பெனியில் போல்ட்டுக்கு மரை போட்டுவிட்டுப் பேசாமல் வருவான். இவள் கிணற்றடியில் நின்று அதையே சொல்லிச் சொல்லி, கேட்கிறவர்களுக்கெல்லாம் மரை கழன்றுவிடும்.

பீற்றிக்கொள்ளட்டுமே. அறுபத்தெட்டாம் வருஷத்தில் கொன்னம்பேட்டுக்குப் பீற்றிக்கொள்ள வேறு என்ன இருந்தது? அம்பத்தூர் டவுன்ஷிப் மேனாம்பேட்டைத் தாண்டியதும் முடிந்துவிடும். முடிகிற இடத்தில்தான் இந்த ஊர் ஆரம்பம். அந்தப் பக்கம் கரண்டு கம்பம், இந்தப் பக்கம் பனைமரம். அந்தப் பக்கம் பஸ், இந்தப் பக்கம் நடை. கம்பெனிகள் கட்ட எஸ்டேட்டுக்கு நிலம் எடுத்தபோது கொன்னம்பேட்டு ஜனங்கள் நாற்று நட்ட கழனியைத்தான் எடுத்தார்கள். எடுத்த கையோடு அதையும் டவுன்ஷிப்பில் சேர்த்துக்கொண்டார்கள். அப்புறம் அதே இடத்தில் ஆள் எடுக்கும்போது இவர்களைப் பார்த்து, "வெளியூர் ஆளா? அப்பாலே வா" என்றார்கள். அந்த 'அப்பாலே'யைத் தாண்டி உள்ளே நுழைந்தவன் முனியன் ஒருத்தன். அவனும் இன்னும் டெம்பரவரிதான். ஆடி முடிந்தால் பர்மனென்ட். "அதுவரைக்கும் ஒரு நாள் மட்டம் போட்டாலும் சீட்டு கிழிஞ்சிடும்" என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

அந்த ஆடியில்தான் பொன்னியம்மனுக்குக் காப்பு கட்டினார்கள். காப்பு கட்டுகிற நேரத்தில் ஊருக்குள் யார் இருக்கிறார்களோ அவர்கள், காப்பை அவிழ்க்கும்வரை இராத்திரியில் எல்லைக்கு வெளியே தங்கக் கூடாது. அந்த நேரத்தில் வெளியே இருந்தவர்களுக்குக் கட்டுப்பாடு கிடையாது. அதனால் வெளியில் ஜோலி உள்ளவன் அன்று சாயங்காலம் மேனாம்பேட்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்து, பம்பைச் சத்தம் ஓய்ந்த பிறகு ஒன்றும் தெரியாதவன்போல வருவான். அம்மனுக்கும் இது தெரியும். கண்டுகொள்ள மாட்டாள்.

முனியனுக்கு மறுநாளிலிருந்து நைட் ஷிப்டு. அவனும் டீக்கடையில்தான் உட்கார்ந்திருக்க வேண்டியவன். ஆனால் கம்பெனியில் புதுக் காக்கி உடுப்பு கொடுத்திருந்தார்கள். ஊர் மொத்தமும் கோயிலில் கூடுகிற நாளில் அதை யாரும் பார்க்காமல் போனால் ஜெகதாம்பாளுக்குச் சோறு இறங்குமா?

"ஒரே ஒரு தபா வந்து நின்னுட்டுப் போய்யா. காப்பு கட்டறதுக்குள்ள போயிடலாம்" என்றாள்.

வந்தான். முன்வரிசையில் நிற்கவைத்தாள். சட்டையை இழுத்துவிட்டாள். யார் யார் பார்க்கிறார்கள் என்று இவள் கணக்கெடுத்துக்கொண்டிருந்தபோதே பம்பை அதிர்ந்தது. பூசாரி காப்பைக் கட்டிவிட்டார். பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் மெதுவாகத் திரும்பினாள்.

"ஏமே, நாளையிலேர்ந்து உன் ஊட்டுக்காரருக்கு நைட்டு சிப்டுன்னு சொல்லிகினு இருந்தியே?"

ஜெகதாம்பாளுக்கு அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் முனியன் சட்டையைக் கழற்றி மூலையில் எறிந்தான். "உன் ஷோக்குக்கு என் வேலைய வெச்சிட்டியேமே." சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலை. காப்பை மீறிப் போகச் சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை. நாளைக்கு ஊரில் ஒரு குழந்தைக்கு அம்மை போட்டால் எந்த வாசலைப் பார்த்துக் கை நீளும் என்று அவளுக்குத் தெரியாதா? நேற்றுவரை இப்படிக் கையை நீட்டிக்கொண்டிருந்தவள் அவள்தானே.

மறுநாள் காலையில் சாமி எல்லை சுற்றுவதற்காக ஜனங்கள் கோயில் முன்னால் கூடினார்கள். ஜெகதாம்பாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகத் தர்மகர்த்தா கன்னியப்பனிடம் போனாள்.

"மாமா, ஒரு சந்தேகம். நம்ம அம்மா எல்லை எதுவரிக்கும்?"

"இது இன்னா கேள்வி? வடக்க ஏரிக்கரை. மேற்க கோவில்பதாகைப் பாட்டை. கெழக்க பனந்தோப்பு. தெற்க எல்லைக்கல்லு."

"அந்தக் கல்லு இப்போ எங்க கீது?"

கன்னியப்பன் தொண்டையைச் செருமினார். "அது கம்பெனி காம்பவுண்டுக்குள்ள பூட்ச்சி."

"கல்லு பூட்ச்சா, எல்லை பூட்ச்சா?"

மதில் எழும்பிய வருஷத்திலிருந்து சாமி மதிலோடு திரும்பிவிடும். ஏன் திரும்புகிறது என்று யாரும் கேட்டதில்லை.

"சர்க்கார் நெலத்த எடுத்துச்சு, சரி. நெலம் வெச்சிருந்த பண்ணைக்காரரு கையெழுத்து போட்டாரு, சரி. நம்ம அம்மா எங்கியாவது கைநாட்டு வெச்சாளா, மாமா?"

பின்னாலிருந்து இளவட்டங்கள் சிரித்தார்கள். கெங்கம்மாள் மட்டும், "இவ புருசனுக்கோசரம் சாமியவே இழுக்கறா பாரு" என்றாள்.

"ஆமாமே, இழுக்கறேன். நம்மள வெளியூருன்னு சொன்னப்போ நீ ஏன் இழுக்கல?"

கன்னியப்பன் மாட்டிக்கொண்டார். எல்லை சுருங்கிவிட்டது என்று ஒப்புக்கொண்டால் பக்கத்து ஊர்க் கோவில்பதாகைக்காரர்கள் சும்மா விடுவார்களா? போல்ட்டுக்குப் பயந்து பின்வாங்கிய சாமி என்று கல்யாணப் பந்தியில் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எவன் சொன்னான் எல்லை சுருங்கிச்சின்னு? இன்னிக்கு சாமி கல்லுவரிக்கும் போவும். அடிடா பம்பைய!"

கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் வேதமுத்து கூட்டத்தைப் பார்த்து எழுந்து நின்றார்.

"இன்னாப்பா, ஸ்ட்ரைக்கா?"

"சாமி வருது, அண்ணாத்தே" என்றாள் ஜெகதாம்பாள்.

"சாமிக்கு கேட் பாஸ் கீதா?"

"உங்க மாதா தேரு எங்க தெரு வழியா வந்தா நாங்க பாஸா கேக்கறோம்?"

வேதமுத்து சிரித்தபடி உள்ளே போனார். சூப்பர்வைசர் வெளியே வந்து பம்பையையும் பார்த்தார், கூட்டத்தையும் பார்த்தார். "சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும்தான், சீக்கிரம் முடிச்சுக்கங்க" என்றார்.

கல் அங்கேதான் இருந்தது. அதன்மேல் யாரோ சைக்கிளைச் சாய்த்திருந்தான். கன்னியப்பன் சைக்கிளை நகர்த்திவிட்டு, கல்லைக் கழுவி மஞ்சள் பூசினார், குங்குமம் வைத்தார், எலுமிச்சம்பழம் நசுக்கினார். மிஷினை நிறுத்திவிட்டு வந்த ஆட்கள் பூட்சைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். சூப்பர்வைசரும் நெற்றியை நீட்டினார்.

கன்னியப்பன் கல்லுக்கு நேராகக் கையை நீட்டிக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"மிஷினு ஷெட்டு எல்லைக்கு இந்தாண்ட. கேண்டீன் அந்தாண்ட. முனியா, ஷெட்டுல ராப்பூரா நீ வேலை செய்யலாம், குத்தமில்ல. ஆனா காப்பு அவுக்கற வரிக்கும் கேண்டீன் டீ கிடையாது. தெரிதா?"

"டீயே வாணாம் மாமா" என்றான் முனியன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டதை எல்லோரும் பார்த்தார்கள்; பார்க்காததுபோல் இருந்தார்கள். நம் ஜனங்களுக்கு அபூர்வமாக வருகிற நாகரிகம் அது.

அன்று சாயங்காலம் முனியன் தூக்குவாளியில் கூழோடு கிளம்பினான். வாசலில் நின்ற கெங்கம்மாள் விடவில்லை. "எங்கமே போறாரு, காப்பு கட்டின ஊர்ல?"

"எங்கியும் போவல. ஊருக்குள்ளதான் கீறாரு" என்றாள் ஜெகதாம்பாள், நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி.

ஒரு மட்டமும் இல்லாமல் ஆடி முடிந்தது. முனியன் பர்மனென்ட் ஆனான். அதற்குள் ஊர் இளவட்டங்கள் கேட்டில் போய், "நாங்க உள்ளூர் ஆளுங்க, கல்லு சாட்சி" என்று வேதமுத்துவின் உயிரை வாங்கத் தொடங்கியிருந்தார்கள். இரண்டு பேரை எடுத்தும்விட்டார்கள்.

ஆவணி பிறந்ததும் ஒரு நாள் காலையில் கெங்கம்மாள் தன் மச்சினனுக்குத் தலை வாரி, கையைப் பிடித்து ஜெகதாம்பாள் வாசலுக்கு இழுத்துவந்தாள்.

"முனியன் கைல ஒரு வார்த்த சொல்லி வையேமே. நம்ம ஊருக்குள்ள கீற கம்பெனி, நம்ம ஆளுக்கு இல்லாம யாருக்கு?"

ஜெகதாம்பாள் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, "கெணத்தாண்ட வாமே, பேசிக்கலாம்" என்றாள். இந்த மாதிரி ஒரு காலையை அவசர அவசரமாகச் செலவழித்துவிடுகிறவளா அவள்?