மூன்றரை கிலோ குறைவு

என் புருஷன் இன்பநாதனுக்கு ஓட்டப் பைத்தியம். வடக்கே மராட்டிய ஊரான கசார்வாடியில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர் வேலை, சாங்வியில் சொந்த ஃபிளாட், வயது நாற்பத்தேழு. சும்மா இருக்கலாம் அல்லவா? மலைப்பாதையில் எண்பது கிலோமீட்டர் பந்தயத்தை ஓடியே தீருவேன் என்று இரண்டு வருஷம் போனார். இரண்டு தடவையும் பாதியில் திரும்பி வந்தார். அதன் பிறகு மாதக்கணக்கில் இழவு வீட்டு முகம். இன்னொரு தடவை அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அதனால் இந்த முறை நானும் கூடப் போனேன்.

ராஜ்கட் கோட்டை மலையின் அடிவாரத்தில், ஐம்பதாவது கிலோமீட்டரில், கூடாரம் போட்டு எடை பார்ப்பார்கள். காலையில் எழுதிய எடையைவிட இரண்டு கிலோவுக்கு மேல் குறைந்தால் மேலே ஓட விட மாட்டார்கள். அரை மணி நேரம் கழித்து இன்னொரு வாய்ப்பு உண்டு. இன்பநாதன் வந்து ஏறி நின்றபோது மூன்றரை கிலோ குறைவு.

"போதும் கிளாரி," என்றார். "வீட்டுக்குப் போயிருவோம்."

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

"போயிட்டு? இன்னும் ஒரு வருஷம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருப்பீங்க, நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா? எடைதானே வேணும்? குடிங்க."

காருக்குள் உட்கார வைத்து லிட்டர் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து கொடுத்தேன். வெறும் தண்ணீர். உப்பு, பழம் எதையும் தொட விடவில்லை. வயிற்றில் தண்ணீருக்கு இடம் வேண்டுமே! மூன்றாவது பாட்டிலில் குமட்டியது, கையால் தடுத்தார். பிள்ளைக்கு மருந்து ஊற்றுகிற மாதிரி தாடையைப் பிடித்து நாலாவதையும் இறக்கினேன்.

எடை சரியாக இருந்தது. டாக்டர் முதுகில் தட்டி அனுப்பினார். நானே ஜெயித்த மாதிரி கைதட்டினேன்.

ஒரு மணி நேரத்தில் இரண்டு பேர் அவரைத் தோளில் தாங்கிக் கீழே கொண்டு வந்தார்கள். ஓயாத வாந்தி. தலை பிளக்கிறது என்று, யாரோ ஒருத்தியிடம் சொல்கிற மாதிரி, என்னை "மேடம்" என்று கூப்பிட்டு ஹிந்தியில் சொன்னார்.

எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்று, எடை பார்த்தவருக்குப் பதிலாக அப்போது வந்திருந்த வேறு டாக்டர் கேட்டார். உண்மையைச் சொன்னால் பெயரை அடித்துவிடுவார்கள், அடுத்த வருஷமும் சேர்க்க மாட்டார்கள். அந்த நேரத்திலும் என் புத்தி அங்கேதான் போனது. அரை பாட்டில் என்றேன். வெயிலில் வறண்டுவிட்டார் என்று முடிவு கட்டி டிரிப் ஏற்றிப் படுக்க வைத்தார்கள். ஒன்றரை மணி நேரம் அப்படியே போனது. பிறகு வலிப்பு வந்தது.

எங்கள் வீட்டுப் பக்கம், ஔந்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரத்தத்தைச் சோதித்துவிட்டுப் பெரிய டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். நாலு லிட்டர் என்றேன். அளவுக்கு மீறிய தண்ணீரால் ரத்தத்தில் உப்பு குறைந்துபோய் மூளை வீங்கிவிட்டது, அங்கேயே சொல்லியிருந்தால் வைத்தியமே வேறு என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மூன்றாம் நாள் விடிகாலையில் இன்பநாதன் இறந்துபோனார்.

அடக்கத்துக்கு மாதா கோயில் நிறையக் கூட்டம். ஓட்டக் குழுத் தலைவர் ராகவேந்திரா பெட்டியின் பக்கத்தில் நின்று ஹிந்தியில் பேசினார். உடம்பு கெஞ்சியும் நிற்காதவன், தன் எல்லையைத் தானே தாண்டிப் போனவன், நமக்கெல்லாம் பாடம் என்றார். அவருடைய ஆட்கள் விசும்பி அழுதார்கள்.

என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தேன். அவர்களுக்குப் புரியட்டும் என்று ஹிந்தியிலேயே சொன்னேன். அவர் நின்றார், போதும் என்றார், வீட்டுக்குப் போகலாம் என்றார். நான்தான் வாயைத் திறந்து ஊற்றி அனுப்பினேன். கேட்டபோது பொய்யும் சொன்னேன்.

அழுகை நின்றது. முன் பெஞ்சில் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த அவருடைய அக்கா ஆரோக்கியமேரி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஹிந்தி தெரியாது.

"என்ன சொல்லுத கிளாரி? தம்பியப் பத்தியா?"

அவள் கையை விடுவித்துக்கொண்டு, முதலிலிருந்து தமிழில் சொன்னேன்.